ஆசிரியர் கையில் துப்பாக்கி: அமெரிக்கப் பள்ளிப் பாதுகாப்பு விவாதம் குறித்த ஒரு பார்வை

முன்னுரை

அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், பள்ளிக்குள் துப்பாக்கி ஏந்த விரும்பும் ஆசிரியர் 700 மணி நேரத்திற்கும் மேற்பட்ட காவல்துறைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும்; அல்லது காவல் பணியில் 20 ஆண்டு அனுபவம் பெற்றிருக்க வேண்டும். அம்மாநில உச்ச நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அளித்த தீர்ப்பு இது. ஓராண்டு கழித்து, 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கையெழுத்தான புதிய சட்டம் அக்கட்டாயப் பயிற்சியை 24 மணி நேரத்திற்குள் அடக்கிவிட்டது.

இவ்விரண்டிற்கும் இடையில் நிகழ்ந்தது டெக்சஸ் மாநிலத்து உவால்டி நகரின் துயரம். 2022 மே 24-ஆம் நாள் அந்நகரின் தொடக்கப்பள்ளி ஒன்றில் 19 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒகாயோ சட்டத்தின் முன்வரைவு அதற்கு முன்பே அவையில் இருந்தது. ஆயினும், துயரத்திற்குப் பிந்திய சில நாள்களில் அது விரைந்து நிறைவேறியது. பெருந்துயர் நேரும்போது கைக்கு எட்டும் தீர்வை நாடுவது மனித இயல்பு. அத்தீர்வு உண்மையிலேயே பயன் தருமா என்பதை ஆய்ந்து கூறுவது கல்வியாளர் கடமை.

ஆசிரியர்கள் துப்பாக்கி ஏந்துவதால் பள்ளிகள் பாதுகாப்பு மிக்கனவாக ஆகுமா என்னும் வினாவை இக்கட்டுரை அமெரிக்கச் சூழலில் வைத்து ஆராய முற்படுகிறது. துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றமாகக் கருதப்படும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வினா எழுவதில்லை. எனினும் இதனுள் பொதிந்துள்ள மற்றொரு வினா நமக்கும் உரியது. ஆசிரியர் ஒருவர் தம் மாணவரை எவ்வழியில் காக்கிறார் என்பதே அது.

கோரிக்கையின் வரலாறு

1999 ஏப்ரல் 20-ஆம் நாள் கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப்பள்ளியில் அப்பள்ளியின் மாணவர் இருவரே 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றனர். பள்ளிப் பாதுகாப்பு பற்றிய இன்றைய விவாதம் அந்நாளிலிருந்தே தீவிரமடைந்தது. 2007 ஏப்ரல் 16-ஆம் நாள் விர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்து அங்கு நீரியல் கற்பித்து வந்த பேராசிரியர். அவர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோதே கொல்லப்பட்டார் என்பதை நம்மில் பலர் அறிவர்.

ஆசிரியர்க்குத் துப்பாக்கி என்னும் கருத்து நாடளாவிய கோரிக்கையாக உருப்பெற்றது 2012-இல்தான். அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் கனெடிகட் மாநிலத்து நியூடவுன் நகரில் உள்ள சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டனர். ஒரு வாரம் கழித்துத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைமைப் பொறுப்பாளர் வெய்ன் லாபியர், துப்பாக்கி ஏந்திய தீயவனைத் தடுக்கவல்லவன் துப்பாக்கி ஏந்திய நல்லவன் மட்டுமே என்னும் பொருள்படப் பேசினார். அவர் முதலில் கேட்டது ஒவ்வொரு பள்ளிக்கும் ஆயுதம் தாங்கிய காவலர். அக்கருத்தே பின்னர் ஆசிரியர் வரை நீண்டது.

2018 பிப்ரவரி 14-ஆம் நாள் புளோரிடா மாநிலத்துப் பார்க்லேண்டு நகரில் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் 17 பேர் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் அதிபர் டோனல்ட் டிரம்ப், ஆசிரியர்களுள் தகுதி வாய்ந்த 10 முதல் 20 விழுக்காட்டினர் துப்பாக்கி ஏந்தலாம் என்றார். அவ்வாண்டு மார்ச் மாதம் புளோரிடா இயற்றிய சட்டம் 144 மணி நேரப் பயிற்சியுடன் கூடிய பாதுகாவலர் திட்டத்தை உருவாக்கியது. வகுப்பறையில் மட்டும் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் விலக்கப்பட்டிருந்தனர்; 2019-இல் அவ்விலக்கு நீக்கப்பட்டது. டென்னசி மாநிலம், 2023 மார்ச் மாதம் நாஷ்வில் நகரப் பள்ளியொன்றில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 2024 ஏப்ரல் மாதம் இத்தகைய சட்டத்தை ஏற்றது. எந்த ஆசிரியர் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்பது பெற்றோருக்குத் தெரிவிக்கப்படாது என்பது அச்சட்டத்தின் குறிப்பிடத்தக்க கூறாகும்.

ஆதரிப்போர் முன்வைக்கும் வாதங்கள்

இக்கோரிக்கையை எடுத்த எடுப்பிலேயே புறந்தள்ளுவது முறையன்று. ஆதரிப்போர் கூறும் முதற்காரணம் காலம். அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுப் பிரிவு 2000 முதல் 2013 வரை நிகழ்ந்த 160 துப்பாக்கித் தாக்குதல்களை ஆராய்ந்தது. நேர அளவை அறிய முடிந்த 63 நிகழ்வுகளுள் 44 நிகழ்வுகள் ஐந்து நிமிடத்திற்குள் முடிந்துவிட்டன. அவற்றுள்ளும் 23 நிகழ்வுகள் இரண்டு நிமிடத்திற்குள் முடிந்தன. காவல்துறை எத்துணை விரைந்து வந்தாலும் அதற்குள் வந்து சேர்வது அரிது. ஆகவே, காக்க வேண்டியவர் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது இவர்தம் வாதம்.

இரண்டாவது காரணம் தொலைவு. டெக்சஸ் மாநிலத்து ஹாரல்ட் என்னும் சிற்றூர்ப் பள்ளி வட்டாரம் 2007-ஆம் ஆண்டிலேயே தன் பணியாளர் துப்பாக்கி ஏந்த இசைவளித்தது. காவல் நிலையத்திலிருந்து வெகு தொலைவில் இருப்பதே அது காட்டிய காரணம். பரந்த நிலப்பரப்பும் சிதறிய குடியிருப்புகளும் கொண்ட மாநிலங்களில் இக்கவலை பொய்யன்று.

மூன்றாவது, முன்னுதாரணம். 1997 அக்டோபர் மாதம் மிசிசிப்பி மாநிலத்துப் பேர்ல் நகரில், துணைத் தலைமையாசிரியர் ஒருவர் தம் வாகனத்தில் வைத்திருந்த கைத்துப்பாக்கியை எடுத்து வந்து, தப்பியோட முயன்ற மாணவனை மடக்கிப் பிடித்தார். அதற்கு முன்பே இரு மாணவியர் உயிரிழந்திருந்தனர். இருப்பினும், அவர் தலையீட்டால் மேலும் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்பதை மறுக்க இயலாது.

இம்மூன்று வாதங்களும் ஓர் எடுகோளின் மீது நிற்கின்றன. ஆயுதம் அருகில் இருந்தால் அது உரிய நேரத்தில், உரிய முறையில் பயன்படும் என்பதே அவ்வெடுகோள். அதனைச் சான்றுகள் உறுதிப்படுத்துகின்றனவா என்பதை இனிக் காண்போம்.

சான்றுகள் கூறுவன

முதலில், துப்பாக்கியையே தொழிலாகக் கொண்டோரின் நிலையைக் காணலாம். நியூயார்க் நகரக் காவல்துறை பற்றி ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறிக்கை, 1998 முதல் 2006 வரையிலான நிகழ்வுகளை ஆராய்ந்தது. எதிரி திருப்பிச் சுட்ட வேளைகளில் காவலர் சுட்ட குண்டுகளுள் 18 விழுக்காடே இலக்கைத் தாக்கின. எதிரி திருப்பிச் சுடாத வேளைகளிலும் அது 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை. முறையான பயிற்சியும் தொடர் பழக்கமும் உடையோர் நிலை இது. எஞ்சிய குண்டுகள் எங்குச் சென்றிருக்கும் என்பதை, ஒரே அறைக்குள் முப்பது குழந்தைகள் ஓடி ஒளியும் சூழலில் வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, ஆயுதம் அருகில் இருந்தும் பயன்படாத நிகழ்வுகள். கொலம்பைனில் ஆயுதம் ஏந்திய காவல் அதிகாரி ஒருவர் பணியில் இருந்தார், தாக்கியவனை நோக்கிச் சுடவும் செய்தார், கொலைகள் நிற்கவில்லை. பார்க்லேண்டில் பள்ளிக்கென அமர்த்தப்பட்ட அதிகாரி கட்டடத்திற்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றார். 2023-இல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. உவால்டியில் மொத்தம் 376 காவலர்கள் குவிந்தனர் என்று டெக்சஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கை கூறுகிறது. அவர்கள் அனைவரும் ஆயுதம் தாங்கியோர். எனினும் தாக்கியவன் கொல்லப்படுவதற்கு எழுபது நிமிடத்திற்கும் மேலாயிற்று. துப்பாக்கி இல்லாமை அங்குக் குறையாக இருக்கவில்லை; அச்சமும் குழப்பமும் பொறுப்பேற்பார் இன்மையுமே குறையாக இருந்தன. 24 மணி நேரம் பயின்ற கணித ஆசிரியை இவற்றை வெல்வார் என எதிர்பார்ப்பது அவர்பால் நாம் காட்டும் மதிப்பாகாது. அவர்மேல் நாம் ஏற்றும் பாரமே ஆகும்.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்றில் 2021-இல் வெளிவந்த ஆய்வு, 1980 முதல் 2019 வரையிலான 133 பள்ளித் துப்பாக்கிச் சூட்டு நிகழ்வுகளை எடுத்துக்கொண்டது. பிற காரணிகளைக் கணக்கிற்கொண்டு ஒப்பிட்டபோது, ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் உயிரிழப்பு வீதம் 2.83 மடங்கு அதிகமாக இருந்தது. இதனைக் காவலரே இறப்புக்குக் காரணம் எனப் பொருள்கொள்ளல் ஆகாது. பெரிய பள்ளிகளும் இடர் மிக்க பள்ளிகளுமே காவலரை அமர்த்தும் வாய்ப்பு மிகுதி. தாக்குவோர் ஏந்திவரும் ஆயுதத்தின் வகையும் விளைவை மாற்றக்கூடியது. எனினும், ஆயுதக் காவல் இருப்பதே தாக்குவோரை அஞ்சி விலகச் செய்யும் என்னும் கருத்துக்கு இவ்வாய்வில் ஆதரவு இல்லை. தாக்குவோருள் பலர் சாகவும் துணிந்தே வருகின்றனர் என்பதை இவ்வாய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

எதிர்ப்பக்கச் சான்றையும் குறிப்பிடுவது நேர்மையாகும். 2024 செப்டம்பர் 4-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில் இரு மாணவரும் இரு ஆசிரியரும் கொல்லப்பட்டனர். பள்ளியில் பணியாற்றிய காவல் அதிகாரிகள் சில நிமிடங்களில் எதிர்கொள்ளவே, 14 வயதுத் தாக்குநன் சரணடைந்தான். அங்குச் செயல்பட்டோர் முழுநேரக் காவலர், ஆசிரியர் அல்லர். பள்ளிக்கு ஆயுதக் காவலர் வேண்டுமா என்பது ஒரு வினா. ஆசிரியரே காவலராக வேண்டுமா என்பது வேறொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதே இவ்விவாதத்தின் பெருங்குழப்பம் எனலாம்.

முன்னர்க் குறிப்பிட்ட புலனாய்வுப் பிரிவின் ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. 160 நிகழ்வுகளுள் காவலர் அல்லாத ஆயுதம் ஏந்தியோர் திருப்பிச் சுட்டு முடிவுக்குக் கொண்டுவந்தவை ஐந்து. அவர்களுள்ளும் பெரும்பாலோர் ஆயுதம் தாங்கிய தனியார் பாதுகாவலர். ஆயுதமற்ற பொதுமக்கள் தடுத்து நிறுத்தியவை 21. அவற்றுள் 11 நிகழ்வுகளில் அவ்வாறு தடுத்தோர் ஆயுதமற்ற தலைமையாசிரியர், ஆசிரியர், பள்ளிப் பணியாளர், மாணவர் ஆகியோரே.

அன்றாட இடர்

பள்ளியில் நிகழும் கூட்டுக்கொலை பெருங்கொடுமை. ஆயினும் அரிய நிகழ்வு. அமெரிக்காவில் கொலையுண்ணும் பள்ளி வயதினருள் பள்ளியில் வைத்துக் கொல்லப்படுவோர் மூன்று விழுக்காட்டிற்கும் குறைவு என்பதை அந்நாட்டுக் கல்விப் புள்ளிவிவரங்கள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. ஆசிரியரின் துப்பாக்கியோ அரிய நிகழ்வன்று. அது நாள்தோறும் வகுப்பறையில் இருக்கும். அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டும். அவர்களுள் ஐந்தில் ஒரு பங்கினர் ஆயுதம் ஏந்தினால் 6 இலட்சம் துப்பாக்கிகள். பள்ளி நாள்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 180 என்று கொண்டால், குழந்தைகளுக்கு நடுவே ஒரு துப்பாக்கி ஒரு நாள் இருக்கும் நிலை ஆண்டொன்றுக்குப் பத்துக் கோடி தடவைக்கு மேல் ஏற்படும். அத்தனை தடவையிலும் ஒரு கவனப்பிசகும் நேரலாகாது.

கவனப்பிசகுகள் நேர்ந்துள்ளன. 2014-இல் யூட்டா மாநிலத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவரின் துப்பாக்கி பள்ளிக் கழிவறையில் தவறுதலாக வெடித்து அவர் காலைக் காயப்படுத்தியது. 2018 மார்ச் மாதம் கலிபோர்னியாவில் பாதுகாப்பு பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவர் வகுப்பறையிலேயே தவறுதலாகச் சுட்டுவிட, மாணவர் ஒருவர் காயமுற்றார். அவ்வாசிரியர் துணைக் காவல் படையிலும் பணியாற்றியவர். 2023-இல் டெக்சஸ் மாநிலப் பள்ளி வட்டாரம் ஒன்றின் கண்காணிப்பாளர் கழிவறையில் மறந்து வைத்துவிட்டுச் சென்ற கைத்துப்பாக்கியைக் கண்டெடுத்தவர் மூன்றாம் வகுப்பு மாணவர். இவர்கள் பொறுப்பற்றோர் அல்லர். பயிற்சி பெற்றோரும் உயர்பொறுப்பில் இருந்தோருமே ஆவர்.

இடரைக் கணக்கிட்டுப் பிழைக்கும் தொழில் காப்பீடு. கான்சஸ் மாநிலம் 2013-இல் பள்ளிப் பணியாளர் துப்பாக்கி ஏந்த வழிசெய்தபோது, அம்மாநிலத்தின் பெரும்பாலான பள்ளி வட்டாரங்களுக்குக் காப்பீடு வழங்கி வந்த நிறுவனம், ஆயுதம் ஏந்திய பணியாளர் உள்ள பள்ளிகளுக்குக் காப்பீடு தர இயலாது என அறிவித்தது. அரசியல் சார்பின்றி இடரை மட்டுமே எடைபோடும் ஒரு தரப்பின் மதிப்பீடு இது என்பது கருதத்தக்கது.

ஆசிரியர்களின் கருத்து என்ன? 2018 மார்ச் மாதம் காலப் நிறுவனம் நடத்திய கணிப்பில் 73 விழுக்காட்டு ஆசிரியர் இத்திட்டத்தை எதிர்த்தனர். ராண்ட் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணிப்பில் 54 விழுக்காட்டினர் பள்ளியின் பாதுகாப்பு இதனால் குறையும் என்றனர். 20 விழுக்காட்டினர் கூடும் என்றனர். எஞ்சியோர் எந்த மாற்றமும் இராது என்றனர். தம் பள்ளியில் தாம் காணும் முதன்மையான பாதுகாப்புச் சிக்கல் எது எனக் கேட்டபோது, மிகுதியானோர் சுட்டியது மாணவரிடையே நிகழும் பகடிவதையையே ஆகும்.

ஆசிரியப் பணியின் இயல்பு

இதுவரை கண்டவை பயன், இடர் ஆகிய இரண்டையும் எடைபோடும் வாதங்கள். இவற்றினும் ஆழமானதாக நாம் கருதுவது வேறொன்று. பள்ளித் தாக்குதல்கள் பெரும்பாலும் எவ்வாறு தடுக்கப்படுகின்றன என்பதைப் பார்த்தால் அது விளங்கும்.

அமெரிக்க இரகசியச் சேவைப் பிரிவும் கல்வித்துறையும் இணைந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, 1974 முதல் 2000 வரை நிகழ்ந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்தது. அவற்றுள் 81 விழுக்காட்டு நிகழ்வுகளில், தாக்குநர் எண்ணியதையோ திட்டமிட்டதையோ முன்கூட்டியே குறைந்தது ஒருவரேனும் அறிந்திருந்தார். அறிந்தோர் பெரும்பாலும் நண்பர், உடன்பயில்வோர், உடன்பிறந்தோர். திடீரென வெறிகொண்டு எழுந்த செயல் என நாம் எண்ணுவது, பல நாள் மனத்தில் புழுங்கி, பிறர் காதில் விழுந்து, அதன் பின்னரே நிகழ்ந்த செயலாக இருக்கிறது. இதே பிரிவு 2021-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நிகழாமலேயே தடுக்கப்பட்ட 67 திட்டங்களை எடுத்துக்கொண்டது. அவற்றை வெளிக்கொணர்ந்ததில் முதலிடம் பெறுவோர் உடன்பயிலும் மாணவரே.

அறிந்த மாணவர் ஏன் சொல்கிறார், ஏன் சொல்லாமல் விடுகிறார் என்பதை இவ்விரு துறைகளின் சார்பில் 2008-இல் வெளியான சிறிய ஆய்வொன்று அத்தகைய மாணவரிடமே கேட்டறிந்தது. பள்ளியின் சூழலும், அங்குள்ள பெரியவர்களோடு தமக்கிருந்த உறவும், சொன்னால் எவ்வாறு நடத்தப்படுவோம் என்னும் எதிர்பார்ப்புமே அவர்தம் முடிவைப் பெரிதும் தீர்மானித்தன. எனவே, பள்ளியில் இன்று இயங்கிக்கொண்டிருக்கும் பாதுகாப்புக் கருவி ஆசிரியரின் காது எனலாம். மாணவர் அணுகிப் பேசத் துணியும் ஒருவர் இருக்கும் வரையில்தான் அக்கருவி இயங்கும்.

தாக்குநருள் பலர் அதே பள்ளியின் மாணவர் அல்லது முன்னாள் மாணவர் என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். ஆசிரியரிடம் துப்பாக்கியைத் தருவது, தேவை ஏற்படின் நீ கற்பித்த மாணவனையே நீ சுட வேண்டும் என்று கூறுவதாகும். அதை ஏற்ற ஆசிரியர் தம் வகுப்பை எவ்வாறு நோக்குவார்? அதை அறிந்த மாணவர் அவரை எவ்வாறு நோக்குவார்? மனம் கலங்கிய நண்பனைப் பற்றி அவரிடம் சொன்னால் நண்பனுக்கு உதவி கிட்டுமா, ஆபத்து நேருமா என்னும் ஐயம் ஒரு மாணவிக்கு எழுந்தாலே போதும். செய்தி வந்து சேராது. கடைசி நிமிடத்திற்கெனத் தரப்படும் ஆயுதம், முதல் நாளிலேயே கிடைத்திருக்கக்கூடிய எச்சரிக்கையை இவ்வாறு அடைத்துவிடக் கூடும்.

நடுவுநிலை பற்றிய கவலையும் இதனோடு சேரும். நல்லாசிரியரின் இலக்கணம் கூறவந்த நன்னூலார் துலாக்கோலை உவமை காட்டியது, ஒருபால் சாயாத தன்மையைக் குறிக்கவே. அமெரிக்கக் கல்வித்துறையின் 2015-16 கல்வியாண்டுப் பதிவின்படி, மாணவர் தொகையில் கறுப்பின மாணவர் 15 விழுக்காடு. காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டோர் அல்லது கைதானோருள் அவர்கள் 31 விழுக்காடு. கோல் ஏற்கெனவே சாய்ந்திருக்கும் இடத்தில், அதன் ஒரு தட்டில் துப்பாக்கியையும் வைத்தால் யாருடைய பிள்ளைகள் கூடுதலாக அஞ்ச நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிற நாட்டு அனுபவங்கள்

இத்திட்டம் அமெரிக்காவிற்கு மட்டும் உரியதன்று. மலேசியாவின் வட எல்லையை அடுத்துள்ள தென்தாய்லாந்தின் பட்டாணி, யாலா, நராத்திவாட் மாநிலங்களில் 2004 முதல் தொடரும் கிளர்ச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இலக்காயினர். தாய்லாந்து அரசு ஆசிரியர் துப்பாக்கி ஏந்த இசைவளித்துப் பயிற்சியும் தந்தது. ஆயினும் 2012-இன் இறுதிக்குள் கொல்லப்பட்ட ஆசிரியர் 150-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பலர் பள்ளிக்குச் செல்லும்போதோ வீடு திரும்பும்போதோ வழியில் திடுமெனச் சுடப்பட்டனர். தாக்குபவன் நேரத்தையும் இடத்தையும் தேர்ந்துகொள்ளும்போது, தாக்கப்படுபவரின் இடுப்பில் உள்ள துப்பாக்கிக்கு வேலை இருப்பதில்லை.

பாகிஸ்தானின் பெசாவர் நகரில் 2014 டிசம்பர் 16-ஆம் நாள் பள்ளியொன்றில் 130-க்கும் மேற்பட்ட மாணவர் கொல்லப்பட்ட பின்னர், கைபர் பக்துன்க்வா மாநிலம் ஆசிரியர் துப்பாக்கி ஏந்த இசைவளித்தது. ஆசிரியர் சங்கத்தினர், எம் பணி கற்பித்தல் எனக் கூறி எதிர்ப்புத் தெரிவித்தனர். 2015-இல் சுவாட் பகுதியில் ஆசிரியர் ஒருவர் தம் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது வெடித்து மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இவ்விரு நாடுகளிலும் ஆசிரியர் எதிர்கொண்டது அமைப்பு சார்ந்த போராளிகளை. அமெரிக்கச் சூழல் வேறு. எனினும் ஆயுதம் கைக்கு வந்த பின் நேரும் சிக்கல்கள் ஒத்திருக்கின்றன.

மாற்று வழிகள்

ஆயுதம் வேண்டா எனின், எது வேண்டும்? சாண்டி ஹூக் துயரத்தை ஆராய்ந்த கனெடிகட் மாநில ஆலோசனைக் குழு 2015-இல் அளித்த அறிக்கையில் முதன்மையாக வலியுறுத்தியது, உள்ளிருந்தே பூட்டக்கூடிய வகுப்பறைக் கதவுகளை. எளிய கருவிதான், ஆயின் பராமரிக்கப்பட வேண்டும். உவால்டியில் தாக்குநன் நுழைந்ததாகக் கருதப்படும் வகுப்பறையின் பூட்டு பழுதாக இருந்ததைப் பலர் அறிந்திருந்தும், அதைச் சீர்செய்ய எழுத்து வடிவில் எவரும் விண்ணப்பிக்கவில்லை என்று சட்டமன்றக் குழு கண்டறிந்தது. ஒரு பூட்டைப் பழுது பார்க்காத நிருவாகம் ஆயிரம் துப்பாக்கிகளைப் பழுதின்றிப் பேணும் என நம்புவது எங்ஙனம்?

இரண்டாவது, துப்பாக்கி எங்கிருந்து வருகிறது என்னும் வினா. இரகசியச் சேவைப் பிரிவின் 2002-ஆம் ஆண்டு ஆய்வில் 68 விழுக்காட்டுத் தாக்குநர் துப்பாக்கியைத் தம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ பெற்றிருந்தனர். 2019-இல் வெளியான ஆய்விலும் நிலை மாறவில்லை. 2023 ஜனவரி மாதம் விர்ஜீனியாவில் ஆறு வயதுச் சிறுவன் தன் ஆசிரியையைச் சுட்டது தாயின் துப்பாக்கியால். மிச்சிகன் மாநிலத்தில் 2021-இல் நான்கு மாணவரைக் கொன்ற மாணவனின் பெற்றோர் இருவரும் 2024-இல் தண்டிக்கப்பட்டனர். வீட்டு ஆயுதத்தைப் பூட்டி வைத்தல் பெற்றோரின் கடமை என்பதைச் சட்டம் உணர்த்தத் தொடங்கியிருக்கிறது.

மூன்றாவது, முன்னறிந்து உதவும் குழுக்கள். விர்ஜீனியா மாநிலம் 2013-இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் இடர் மதிப்பீட்டுக் குழு அமைப்பதைக் கட்டாயமாக்கியது. தலைமையாசிரியர், ஆலோசகர், உளவியலாளர், காவல் அதிகாரி ஆகியோர் கூடி, மிரட்டல் விடுத்த மாணவரின் நிலையை ஆராய்வர். வெறும் சினப்பேச்சையும் மெய்யான ஆபத்தையும் பிரித்தறிவர். தேவையான உதவியைத் தருவர். இத்தகைய பணிக்கு ஆள் வேண்டும். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. 2022-23 கல்வியாண்டில் தேசியச் சராசரி 385. பள்ளிகளின் மனநல உதவிக்கென 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய 100 கோடி டாலர் மானியங்களைத் தொடரப் போவதில்லை என 2025 ஏப்ரல் மாதம் கல்வித்துறை அறிவித்தது. அம்முடிவு வழக்குகளைச் சந்தித்தது. துப்பாக்கிப் பயிற்சிக்கு மணிநேரம் ஒதுக்கப்படுவதும் ஆலோசகர் பணிக்கு நிதி மறுக்கப்படுவதும் ஒரே நாட்டில் நிகழ்கின்றன.

முடிவுரை

ஆசிரியர் துப்பாக்கி ஏந்துவதால் பள்ளிகள் பாதுகாப்புப் பெறும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இதுவரை கிட்டவில்லை. தொலைதூரச் சிற்றூர்ப் பள்ளியின் அச்சம் நியாயமானதே. அதற்குரிய விடை முழுநேரப் பயிற்சி பெற்ற காவலரும் பழுதற்ற பூட்டுமே. நாள்தோறும் நேரக்கூடிய இடர் உறுதியாக உள்ளது. அரிய நாளில் கிட்டக்கூடிய பயன் உறுதியற்றது. இவ்விரண்டிற்கும் மேலாக, மாணவர் மனந்திறந்து பேசும் வாயிலை அத்துப்பாக்கி அடைத்துவிடக் கூடும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

துப்பாக்கி இல்லாத நாட்டிலும் இவ்வாயில் திறந்திருத்தல் வேண்டும். சிங்கப்பூரில் 2021 ஜூலை மாதம் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர் கோடரியால் தாக்கியதில் உயிரிழந்தபோது, கல்வியமைச்சு மேற்கொண்ட முடிவுகளுள் ஒன்று, ஆசிரியர்-ஆலோசகர் எண்ணிக்கையை வரும் ஆண்டுகளில் ஆயிரத்திற்கு மேல் உயர்த்துவது. அமைச்சு கூடுதலாக நாடியது, கேட்கப் பழகிய ஆசிரியரையே. நம் தமிழாசிரியர்கள் மாணவரோடு வீட்டுமொழியில் பேசும் வாய்ப்புப் பெற்றோர். மற்றப் பாட ஆசிரியரிடம் சொல்லத் தயங்குவதை இவர்களிடம் சொல்லும் மாணவர் பலர். பாடத்திட்டச் சுமைக்கும் தேர்வு நெருக்கடிக்கும் இடையே, வகுப்பு முடிந்த பின்னும் மேசையருகில் தயங்கி நிற்கும் மாணவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதும் பள்ளிப் பாதுகாப்புப் பணியே. அதற்கு நேரமும் பயிற்சியும் ஆசிரியருக்குக் கிட்டச் செய்வது கல்வித்துறையின் பொறுப்பாகும்.